அர்த் கிடைக்காத வண்டி

வண்டி முதன்முறை நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. மார்கழி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஆஷ்ரம் சந்திப்பைத் தாண்டி ரிங் ரோடில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன டெம்போ திடீரென்று வேகம் குறைத்தது. நானும் பிரேக்கில் காலை வைத்தேன். அந்த நேரம் பார்த்து எஞ்சின் சத்தம் அறுந்தது. வேகம் காட்டும் முள் பூஜ்யத்தில் விழுந்தது. டயலுக்குள் இருந்த வெளிச்சம் போய்விட்டது. ஸ்டியரிங் கையில் கல்லாக இறுகியது. பின்னால் ஹாரன்கள் எழுந்தன. அபாய விளக்குப் பொத்தானை அழுத்தினேன். பின்னால் அது எரிகிறதா இல்லையா என்று உள்ளே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது.

இடது இருக்கையில் என் கணவர் இருந்தார். கழுத்தில் மஃப்ளர், மடியில் பிளாஸ்டிக் பை. அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். யமுனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். நடுவில் இடைவெளி விழக் கூடாது, விழுந்தால் அதுவரை செய்ததன் பலன் குறையும் என்று டாக்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூட்டத்தில் போகக் கூடாது என்றும் சொல்லியிருந்ததால் மெட்ரோ கிடையாது. வாடகைக் கார்கள் பனிமூட்டத்தில் வருவதாகச் சொல்லி வராமல் போகும். ஒருமுறை வந்த கார்க்காரர், இவருக்குக் குமட்டல் வந்ததும் நிஜாமுதீன் பாலத்தின் முனையில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஆகவே எங்கள் சொந்த வண்டிதான் வழி. இத்தனை வருஷம் அதை ஓட்டியவர் அவர். இப்போது நான்.

அன்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசினால் தொண்டை எரியும் என்பதால் அந்த நாட்களில் எல்லாவற்றையும் கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். கிளட்சை நான் சரியாக மிதிக்கவில்லை என்று அந்தக் கண் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த முறை நின்றது வியாழக்கிழமை, பாலத்தில் ஏறுகிற வளைவில். அதற்கடுத்து அடுத்த வாரம் திங்கள். அன்றைக்கே திரும்பும்போது இன்னொரு முறை. பிறகு ஒரு புதன் முழுக்க ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி: முன்னால் ஏதோ ஒரு வண்டி நெருங்கும், நான் பிரேக்கைத் தொடுவேன், எல்லாம் ஒரேயடியாக இருண்டு போகும். மறுபடி சாவியைத் திருப்பினால் உயிர் வந்துவிடும். நிற்கக் கூடாத இடமாகப் பார்த்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவது மூடத்தனம் என்றும் தோன்றியது.

எனக்கு நாட்கள் மறப்பதில்லை. எங்கள் கிட்வாய் நகர் குடியிருப்பைப் பற்றிச் சிறுகச் சிறுக ஒரு வரலாறு எழுதிவருகிறேன். எந்தப் பழைய வரிசை வீடுகள் எப்போது இடிந்தன, எந்த மரம் எந்தக் கோடையில் சாய்ந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. கல்வெட்டு அறிக்கைகளைப் பொழுதுபோக்காகப் படிக்கிற ஆள் நான். ஒரு சம்பவம் எந்தக் கிழமை நடந்தது என்று தெரியாவிட்டால் அது நடந்ததாகவே என் மனம் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அந்தப் பழக்கம் வண்டி விஷயத்தில் பயன்படும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. என் பயமெல்லாம் பின்னால் வருகிற லாரிகளைப் பற்றியதாக இருந்தது.

கோட்லா பக்கத்துச் சந்தில் இருக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் என் வயதுக்காரர், பஞ்சாபி. வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு லோதி ரோடு வரை ஓட்டிவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை. மறுநாள் காலை மறுபடி ஓட்டினார். ஒன்றும் இல்லை. சின்னக் கருவி ஒன்றை ஸ்டியரிங்கின் கீழே செருகிப் பார்த்தார். அதன் திரையிலும் குற்றம் எதுவும் வரவில்லை. பேட்டரியின் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், ஒரு ரிலேயை மாற்றினார். பிறகு மிகவும் மரியாதையாக, நான் ஓட்டக் கற்று எத்தனை காலம் ஆகிறது என்று கேட்டார். கணவரை வீட்டில் விட்டபின் நான் அந்த வண்டியில்தான் தினமும் ஆபீஸ் போகிறேன் என்றேன். ஆபீஸ் போகும்போது நிற்கிறதா என்றார். இல்லை. அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலின் பொருள் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து வண்டி மறுபடி நின்றது. அன்று வீடு திரும்பியதும் நேரே பட்டறைக்குப் போனேன். இந்த முறை அவர் பானெட்டைத் திறந்து ஒயர்களை வெகுநேரம் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கஹீ ந கஹீ அர்த் நஹீ மில் ரஹா, மேடம். காடீ சோட்னீ படேகீ."

நான் அமைச்சகம் ஒன்றில் இந்தி மொழிபெயர்ப்பாளர். திருநெல்வேலியில் பள்ளிக்குப் போன காலத்தில் மாலை வகுப்புகளில் இந்தி படித்து, பரீட்சை பரீட்சையாகத் தேறி, அதைக் கொண்டே தில்லியில் வேலை வாங்கி வந்தவள். சம்பளம் வாங்குவதே ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழியில் சொல்வதற்குத்தான். அவர் சொன்னதை வீட்டுக்கு வரும் வழியிலேயே தமிழாக்கி முடித்துவிட்டேன்.

"அவருக்கு ஒண்ணுமே அர்த்தம் ஆகலையாம்," என்று கணவரிடம் சொன்னேன். "வண்டியைக் கைவிட வேண்டியதுதான்ங்காரு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேறு வண்டி வாங்குகிற நிலைமையிலும் நாங்கள் இல்லை, அதற்கு அவகாசமும் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனில் வந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழ் அவளுக்குப் பாதியில் தீர்ந்துபோகும். "கேப்ல கூட்டிட்டு போம்மா. ஏன் இவ்ளோ ஜித் பண்றே? அப்பாவுக்கு குச் ஹோ கயா தோ?" என்றாள். என் பிடிவாதத்தால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். கேப்காரர் எங்களைப் பாலத்தில் இறக்கிவிட்ட கதையை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. குடியரசு தின அணிவகுப்புக்கு ஒத்திகை நடப்பதால் நடு ஊரின் சாலைகளை அடைத்திருந்தார்கள். அங்கே போக வேண்டிய வண்டிகளெல்லாம் ரிங் ரோடில் வந்து சேர்ந்திருந்தன. பனி வேறு. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும், வண்டி தெரியாது. சராய் காலே கான் திருப்பத்துக்குச் சற்று முன்பு அந்தச் சிவப்பு விளக்கு சட்டென்று பெரிதானது. பிரேக்கை மிதித்தேன். வண்டி செத்தது.

கண்ணாடியில் பார்த்தேன். முதலில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு அந்த வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள், அவற்றுக்கு மேலே ஒரு பேருந்தின் அகலமான நெற்றி. டயர்கள் தாரில் இழுபடும் சத்தம் கேட்டது. நான் சாவியைத் திருப்பவில்லை. கை சாவியில் இருந்தது, திருப்ப வேண்டும் என்றும் தெரிந்தது, ஆனால் திருப்பவில்லை. பேருந்து நின்றபோது அதன் முன்கண்ணாடி எங்கள் பின்கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். திட்டத்தான் வந்தார். என் கணவரையும் மடியிலிருந்த பையையும் பார்த்துவிட்டு, "சலியே, பஹன்ஜீ, ஆராம் ஸே," மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொல்லி, நாங்கள் கிளம்பும்வரை பின்னாலேயே நின்று கையைக் காட்டி மற்ற வண்டிகளை விலக்கிவிட்டார்.

அன்று சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் அவர் வாகன நிறுத்துமிடத்திலேயே நின்றுவிட்டார். வண்டியில் ஏறவில்லை.

"திங்கக்கிழமை நான் வரல," என்றார். குரல் காற்றாக வந்தது. "போதும். எனக்கு வைத்தியம் பாக்கப் போய் உன்னைய ரோட்டுல போட முடியாது."

டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் பாக்கி இருப்பதைச் சொன்னேன். அவர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருடைய பிடிவாதம் எனக்குப் பழக்கமானது. அவர் சத்தம் போட்டால் நான் ஜெயித்துவிடலாம், சும்மா இருந்துவிட்டால் ஜெயிக்க முடியாது. திரும்பும் வழியில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. அதைக்கூட அவர் ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. வழி முழுக்கக் கண்ணை மூடித் தூங்கியபடி வந்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அவர் கஞ்சியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்தபடி நாட்களை ஓட்டிப் பார்த்தேன். நின்ற நாட்களை மட்டுமே அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். நிற்காத நாட்களை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. வரலாறு படிக்கிறவர்கள் அடிக்கடி செய்கிற பிழை அது. பஞ்சம் வந்த ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கும், நன்றாக விளைந்த ஆண்டுகளை யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். ஆபீஸுக்குத் தனியாகப் போனபோது நின்றதில்லை. பட்டறைக்காரர் ஓட்டியபோது நின்றதில்லை. மருத்துவமனைக்குப் போனதிலும், வண்டி அடிக்கடி நிற்க ஆரம்பித்த பிறகு, அந்த ஒரு புதன்கிழமை நிற்கவில்லை. அந்தப் புதன் அவருக்கு உடம்பு மிகவும் முடியாமல், போகும்போதும் வரும்போதும் பின்னால் படுத்துக்கொண்டிருந்தார். நேற்றுத் திரும்பும்போதும் நிற்கவில்லை. நேற்று தூங்கினார்.

ஞாயிறு காலை காப்பி ஆற்றும்போது அவரிடம் சொன்னேன். நீங்கள் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் வண்டி நிற்கிறது.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப எனக்குச் சனி பிடிச்சிருக்குன்னு சொல்லுத."

"நான் ஒண்ணும் சொல்லல. நாள் சொல்லுது."

"நாளைக்கு நான் பின்னால உக்காந்தா எல்லாம் சரியாயிருமோ?"

பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டல் அதிகமாகும். அது போக, ஒரே ஒரு புதன்கிழமையை நம்பி அவரை மறுபடி அந்தச் சாலையில் கொண்டுபோக எனக்கே தைரியம் இல்லை. ஒற்றைச் சாட்சியை நான் எந்த விஷயத்திலும் ஏற்றுக்கொள்வதில்லை. காரணம் தெரிய வேண்டும். பட்டறைக்காரருக்கே புரியவில்லை என்றால் நமக்கு எப்படிப் புரியும் என்று அலுத்துக்கொண்டேன். கணவர் அப்போதுதான் கேட்டார், அந்த ஆள் என்னதான் சொன்னார், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல் என்று.

சொன்னேன். கஹீ ந கஹீ அர்த் நஹீ மில் ரஹா.

என் கணவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டறை இந்தியிலேயே வாழ்ந்தவர். பரீட்சை எதுவும் எழுதியதில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். சிரிப்பு. தொண்டை எரிய எரியச் சிரித்தார்.

"ஏட்டி, அர்த்துன்னா எர்த்து. எங்கயோ எர்த்து கிடைக்கலைன்னு சொல்லிருக்கான். அர்த்தத்தைத் தேடிட்டு வந்திருக்கா பாரு."

"சோட்னீ படேகீன்னாரே."

"வண்டிய பட்டறையில விட்டுட்டுப் போணும்னான். கைவிடச் சொல்லல."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எங்கள் பிரிவில் எனக்குக் கீழே வேலை செய்யும் இளையவர்கள் செய்கிற பிழைகளை நான் சிவப்பு மையில் வட்டமிடுகிறவள். ஆனால் வெட்கப்படுவதற்கு அன்று நேரம் இல்லை. வண்டியைப் பட்டறையில் விட்டால் திங்கட்கிழமை போய்விடும். பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை. இருப்பது ஒரு பகல்.

எங்கள் ஊர்ப்பக்கம் எர்த் அடிக்கிறது என்றால் சுவரைத் தொட்டால் ஷாக் அடிப்பது. அதனால் எர்த் என்றாலே எனக்கு வேண்டாத ஒன்று. வண்டியில் அப்படி இல்லை என்று அவர் சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சொன்னார். பேட்டரியிலிருந்து கரண்ட் போவதற்குத்தான் ஒயர். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஓர் ஒயர் வந்து எங்காவது ஒரு போல்ட்டில் அந்த உடம்போடு சேரும். அந்த இடம்தான் எர்த். அந்தப் பிடி விட்டுப்போனால் கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் எல்லாம் நின்றுவிடும்.

பரணிலிருந்து அவருடைய கருவிப் பெட்டியை இறக்கினேன். ஸ்கூட்டர் காலத்துச் சோதனை விளக்கு ஒன்று அதில் இருந்தது: ஒரு குட்டி பல்பு, இரண்டு பக்கமும் ஒயர். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் கவ்வவிட்டு, மறுமுனையால் இரும்பைத் தொட்டால், எர்த் நன்றாக இருக்கும் இடத்தில் பல்பு பளிச்சென்று எரியும். அவரால் குனிய முடியாது. ஷாலைப் போர்த்திக்கொண்டு இடது இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டேன்.

எல்லா இடத்திலும் எரிந்தது. எஞ்சின் மேல், சட்டத்தின் மேல், விளக்குகளுக்குப் பின்னால், எங்கே தொட்டாலும். ஒவ்வொரு முறை எரியும்போதும் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. பட்டறைக்காரரும் இதையெல்லாம் பார்த்திருப்பார்.

எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். முகப்பு விளக்கு, ஹீட்டர் காற்றாடி, துடைப்பான் எல்லாவற்றையும் போட்டேன். நிற்கவில்லை. திருப்ப விளக்கைப் போட்டேன். அப்போது அவர் என் கையைத் தட்டி டயலைக் காட்டினார். திருப்ப விளக்கு மினுக்கும்போதெல்லாம் பெட்ரோல் முள்ளும் அதோடு சேர்ந்து லேசாக நடுங்கியது.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"ரெண்டும் ஒரே எர்த்துல தொங்குது. அந்தப் பிடி சரியில்ல. இது எஞ்சின் பக்கம் இல்ல, உள்ளதான்."

உள்ளே என்றால் எங்கே? டாஷ்போர்டை முழுக்கக் கழற்றுவது எங்களால் ஆகாத காரியம். கைக்கு எட்டிய ஒயர்களையெல்லாம் பிடித்து ஆட்டினேன். ஸ்டியரிங்கின் கீழே, ரேடியோவுக்குப் பின்னால், டாஷ்போர்டுப் பெட்டிக்குள். எஞ்சின் கொஞ்சமும் சலனமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவரை இருக்கையில் நகர்ந்து உட்காரச் சொன்னேன், சாயச் சொன்னேன், கதவைத் திறந்து மூடச் சொன்னேன். எல்லாம் செய்தார். பிறகு களைத்துப்போய்ச் சாய்ந்துகொண்டார். உதடு வெளுத்திருந்தது. குளிரில் அவரை இப்படி உட்கார வைத்திருக்கிறேனே என்று இருந்தது.

"விடு," என்றார். "மேல போவோம். நாளைக்குப் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிரு."

நான் பதில் சொல்வதற்குள், எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளை வண்டி பின்பக்கமாக வர ஆரம்பித்தது. மூன்றாவது மாடிக்காரருடையது. அவர் போனில் பேசிக்கொண்டே எடுக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. எங்களைப் பார்க்கவில்லை என்பதும் தெரிந்தது. ஹாரனை அழுத்தினேன். ஹாரன் பாதியில் அறுந்தது. எஞ்சின் நின்றது. டயல் இருண்டது.

வெள்ளை வண்டி ஒரு முழ இடைவெளியில் நின்று, மன்னிப்பாகக் கையைக் காட்டிவிட்டுப் போனது. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிரேக்கை நான் தொடவில்லை. எதையும் தொடவில்லை.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன். சும்மாத்தான் இருக்கேன்."

"ஆடாதீங்க. அப்படியே இருங்க."

அவர் காலைப் பார்த்தேன். இரண்டு கால்களும் முன்னால் விறைத்து நீண்டிருந்தன. வலது பாதம் தரையின் நடுவில் ஊன்றியிருந்தது. இடது பாதம் கதவோரத்து மூலையில், கார்ப்பெட் மேலேறும் இடத்தில், முழு பலத்தோடு அமுங்கியிருந்தது. இத்தனை வருஷம் ஓட்டிய கால்கள். முன்னால் ஏதாவது வந்தால் அவை அவரைக் கேட்பதில்லை. இல்லாத பிரேக்கை மிதித்துவிடும். அவர் எப்போதும் அப்படித்தான், நான் ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் முதலாக. அதற்காக நாங்கள் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். சாலையைப் பார்த்து ஓட்டுகிற நான் பக்கத்து ஆளின் இடது காலை எங்கே பார்க்கப்போகிறேன்.

"வலது கால் பிரேக். சரி. இடது கால் என்னத்துக்கு?"

அவரும் கண்ணைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டார். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல இருந்தது.

"கிளட்ச்," என்றார்.

"பிரேக் போட்டா போதாதா, கிளட்சு வேறயா?"

"கிளட்ச் மிதிக்காம பிரேக் போட்டா வண்டி நின்னுரும்லா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் காது ஆடுவது தெரிந்தது; சிரிப்பை அடக்கினால் அவருக்குக் காது ஆடும்.

காலை எடுக்கச் சொன்னேன். சாவியைத் திருப்பினேன், கிளம்பியது. அந்த மூலையில் என் கையால் அழுத்தினேன், நின்றது. மறுபடி கிளப்பி மறுபடி அழுத்தினேன், நின்றது. ஒற்றைச் சாட்சி இல்லை இப்போது.

பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அவரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்தேன். கதவோரத்துப் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்துக் கார்ப்பெட்டை உரித்தேன். கீழே ஈரம். சென்ற மழைக்காலத்தில் எங்கோ உள்ளே இறங்கிய தண்ணீர், வெளியே போக வழியில்லாமல் கார்ப்பெட்டுக்குள்ளேயே ஊறிக் கிடந்திருக்கிறது. மூலை இரும்பில் ஒரு போல்ட். கறுப்பு ஒயர்கள் கொத்தாக வந்து அதில் மாட்டியிருந்தன. போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்திருந்தது. விரலால் தொட்டதும் ஒயர் வளையம் அசைந்தது. ஒவ்வொரு முறை அவர் கிளட்சை மிதித்தபோதும் கார்ப்பெட் ஒயரை இழுத்திருக்கிறது, ஒயர் இந்த வளையத்தைத் தூக்கியிருக்கிறது. காலை எடுத்ததும் வளையம் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பட்டறைக்காரர் தனியாகத்தான் ஓட்டினார். இடது இருக்கையில் ஒரு கணவர் இல்லாமல் இந்தக் குற்றம் வெளிப்படாது.

உப்புக் காகிதத்தால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். வளையங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடி, இன்னும், இன்னும் என்று விரலால் சொல்லிக்கொண்டிருந்தார். போல்ட்டை முறுக்கும்போது பயமாக இருந்தது. அதன் மரை துருவில் தேய்ந்திருந்தால் பிடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு சுற்று தளர்வாகத்தான் போனது. பிறகு கையில் ஒரு எதிர்ப்பு வந்தது. ஸ்பானரில் இரண்டு கையையும் வைத்து இறுக்கினேன். பேட்டரியின் முனையை மறுபடி மாட்டி, சோதனை விளக்கை அந்த வளையத்தில் தொட்டுப் பார்த்தேன். எரிந்தது. ஒயரை ஆட்டினேன். எரிந்துகொண்டே இருந்தது.

அவரை முன்னால் உட்காரவைத்து, எஞ்சினைக் கிளப்பி, மிதிக்கச் சொன்னேன். தயங்கினார். நன்றாக மிதியுங்கள், நான் பேருந்தின் மேல் கொண்டுபோய் இடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு மிதியுங்கள் என்றேன். இரண்டு காலாலும் மிதித்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. திருப்ப விளக்கைப் போட்டேன். பெட்ரோல் முள் அசையவில்லை.

ஆனாலும் வேப்பமரத்தடி வேறு, ரிங் ரோடு வேறு. இது ஒன்றுதான் குற்றம் என்று யார் சொன்னது? இரண்டாவது போல்ட் ஒன்று வேறெங்காவது இதே போலப் பொரிந்து கிடக்கலாம். அன்று மாலை அவர், வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திங்கள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது மஃப்ளரைக் கட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் பை மடித்து மடியில் இருந்தது.

பனி வெள்ளிக்கிழமையைவிடக் கனமாக இருந்தது. லாஜ்பத் நகர் வரை இரண்டு பேரும் மூச்சுவிட்டோமா என்று தெரியவில்லை. ஆஷ்ரம் சந்திப்பில் நின்று நின்று நகர்ந்தோம். ஒவ்வொரு முறை முன்வண்டி நிற்கும்போதும் பக்கத்தில் அவர் கால்கள் விறைப்பது எனக்கு இப்போது பார்க்காமலே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. சராய் காலே கான் திருப்பத்துக்கு முன்னால் ஒரு சரக்கு லாரி பக்கத்துத் தடத்திலிருந்து விளக்குப் போடாமல் எங்களுக்கு முன்னால் நுழைந்தது. நான் பிரேக்கை முழுதாக மிதித்தேன். அவரும் மிதித்தார், இருக்கையே பின்னால் போகிற அளவுக்கு மிதித்தார். லாரியின் பின்பலகை கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது. டயலின் வெளிச்சம் அப்படியே இருந்தது. முள் அப்படியே இருந்தது. கண்ணாடியில் பின்னால் ஒரு வண்டி எங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து மெதுவாக ஒதுங்கிப் போனது.

நான் முதல் கியரைப் போட்டேன். பாலத்தில் ஏறியபோது அவர் காலை மடக்கி வைத்துக்கொண்டு, ஆற்றின் பக்கம் பார்த்தபடி வந்தார். ஆறு தெரியவில்லை, பனிதான்.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். சிகிச்சைப் பிரிவில் இருக்கும் இளைஞர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஜல்தி, அங்கிள்," என்றார். கணவர் மஃப்ளரை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். கழுத்துத் தோல் கன்றிப் போயிருந்தது. உள்ளே போகும் கதவில் கை வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிருவோம்," என்றார். "ஒத்திகைக்கு ரோட்டை அடைச்சிருப்பான்."

கதவு மூடியது. அதன் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து, அது அணைவதற்காகக் காத்திருந்தேன்.